ஒரே ஆக்ஸாலிக் அமிலம், இரண்டு தரம் பார்த்தல்கள்

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம் பார்க்கும்போது, அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறியும்போது, முடிவை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்க்கிறோம். அதே ஆக்ஸாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்க்கும்போது நிறங்காட்டி எதுவும் சேர்ப்பதில்லை. மாறாகக் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்குகிறோம். ஏற்கெனவே அமிலமாக இருப்பதில் இன்னோர் அமிலம் எதற்கு, அதுவும் ஏன் கந்தக அமிலமாகவே இருக்க வேண்டும், அதே பெர்மாங்கனேட்டோடு தரம் பார்க்கும் இரும்பு உப்பான மோர் உப்பை மட்டும் ஏன் சூடாக்குவதில்லை, இரண்டு சோதனையிலும் ஆக்ஸாலிக் அமிலத்தின் சமான எடையை (ஒரு மோல் புரோட்டானையோ எலக்ட்ரானையோ கைமாற்றும் கிராம் எடையை) 63 என்றே எழுதுவது தற்செயலா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. அந்த இடம் பிடிபட்டுவிட்டால் செய்முறை ரெக்கார்டில் மனப்பாடமாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் தானாகவே விளங்கத் தொடங்கும்.

தரம் பார்த்தல் எதுவாயினும், அதில் ஒரு பொருள் எதையோ கொடுக்கிறது, இன்னொன்று அதை வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சமமாகும் தருணத்தை நாம் கண்டுபிடிக்கிறோம். அமில–காரத் தரம் பார்த்தலில் கைமாறுவது புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. ஆக்சிஜனேற்ற ஒடுக்கத் தரம் பார்த்தலில் கைமாறுவது எலக்ட்ரான். ஆக்ஸாலிக் அமிலத்திடம் கொடுப்பதற்கு இரண்டுமே உண்டு. கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தால் அது புரோட்டானைக் கொடுக்கும். பெர்மாங்கனேட் இருந்தால் எலக்ட்ரானைக் கொடுக்கும். எனவே ஆக்ஸாலிக் அமிலம் அமிலமா, ஒடுக்கியா என்ற கேள்விக்கு, எதிரே நிற்கும் பொருளைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

அமிலம் என்றால் புரோட்டானைக் கொடுப்பது என்ற வரையறை எளிதில் கிடைத்ததன்று. எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலர் லவாசியே (Lavoisier) கருதினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதும், குளோரின் ஒரு தனிமம் என்பதும் 1810-இல் ஹம்ப்ரி டேவியின் ஆய்வால் நிலைபெற்ற பிறகுதான் கவனம் ஹைட்ரஜன் பக்கம் திரும்பியது. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்ற அர்ஹீனியஸின் கருத்து 1880-களில் வந்தது. நீரைக் கட்டாயமாக்காமல், புரோட்டானை ஈவது அமிலம், ஏற்பது காரம் என்று பிரான்ஸ்டெடும் லௌரியும் 1923-இல் தனித்தனியே வரையறுத்தனர். நம் கணக்குக்கு இந்தக் கடைசி வரையறையே மிகவும் உதவுகிறது. ஏனென்றால் அது ஒரு பொருளின் குணத்தைச் சொல்வதோடு நில்லாமல் ஒரு கைமாற்றத்தைச் சொல்கிறது. ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரானை இழத்தல், ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானை ஏற்றல் என்பதும் அதே அச்சில் வார்த்த வரையறைதான்.

முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு. ஆக்ஸாலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பாக்சிலிக் தொகுதிகள் இருப்பதால் அது இரண்டு புரோட்டான்களைத் தரும். மோலார் என்பது லிட்டருக்கு எத்தனை மோல் பொருள் என்றும், நார்மல் என்பது லிட்டருக்கு எத்தனை மோல் புரோட்டான் அல்லது எலக்ட்ரான் கைமாறும் என்றும் சொல்லும் அளவுகள். ஆகவே 0.1 நார்மல் கரைசல் என்றால் அது 0.05 மோலார், 20 மி.லி. எடுத்தால் குடுவையில் 1 மில்லிமோல் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது, அதனிடம் கொடுக்க 2 மில்லிமோல் புரோட்டான்கள் இருக்கின்றன. அவற்றை முழுதும் வாங்கிக்கொள்ள 2 மில்லிமோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 0.1 நார்மல் கரைசலில் 20 மி.லி. தேவை.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வருவதைக் கண்டிருக்கிறேன். வலிமை குறைந்த அமிலத்தை முறிக்கக் குறைந்த காரம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவான மூலக்கூறுகளே பிரிகையடைந்திருக்கின்றன. அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அனேகமாக எல்லாமே பிரிகையடைந்திருக்கின்றன. ஆயினும் இரண்டிலும் 20 மி.லி. எடுத்து முறித்தால் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் செலவாகும். கையில் ரொக்கமாக இருப்பது வேறு, கணக்கில் மொத்தமாக இருப்பது வேறு, பி.எச். மானி காட்டுவது ரொக்கத்தை, தரம் பார்த்தல் காட்டுவது மொத்தத்தை. கட்டற்ற புரோட்டான்களைக் காரம் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, சமநிலை நகர்ந்து மீதமுள்ள மூலக்கூறுகளும் பிரிகையடைந்து தங்கள் புரோட்டானைத் தந்துகொண்டே இருக்கும். அமிலத்தின் வலிமை செலவாகும் கன அளவை மாற்றாது, முடிவுநிலையில் பி.எச். எங்கே நிற்கும் என்பதை மட்டுமே மாற்றும். அதனால்தான் நிறங்காட்டியைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே எழுகிறது.

வலிமை மிக்க அமிலமும் வலிமை மிக்க காரமும் என்றால் நமக்குக் கவலையில்லை. 20 மி.லி. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டு வரும்போது, 19.95 மி.லி.யில் பி.எச். 3.9 அளவில் இருக்கிறது; 20.05 மி.லி.யில் 10.1-ஐத் தொட்டுவிடுகிறது. சமானப் புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி, இதற்குள் பி.எச். ஆறு அலகுகள் ஏறிவிடுகிறது. 3.1 முதல் 4.4 வரை நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சானாலும், 8.2 முதல் 10 வரை நிறம் மாறும் பினாப்தலீனானாலும் இந்தத் தாவலுக்குள் ஏறத்தாழ அகப்பட்டுவிடும்.

ஆக்ஸாலிக் அமிலத்தின் நிலை அப்படியன்று. அதன் முதல் புரோட்டான் எளிதில் கழன்றுவிடும். இரண்டாவது புரோட்டானின் பிரிகை மாறிலி அடுக்கு (pKa; இது கூடக் கூடப் புரோட்டான் கழல்வது கடினம்) 4.3 அளவில் இருப்பதால் அது சற்றுத் தயங்கித்தான் வரும். இரண்டும் தீர்ந்த சமானப் புள்ளியில் குடுவையில் எஞ்சியிருப்பது சோடியம் ஆக்சலேட். ஆக்சலேட் அயனி நீரிலிருந்து சிறிதளவு புரோட்டானை வாங்கிக்கொள்வதால் கரைசல் மெல்லிய காரத்தன்மை பெற்று, அங்கே பி.எச். ஏறத்தாழ 8.3-இல் நிற்கிறது. பினாப்தலீன் நிறம் பெறத் தொடங்கும் இடமும் அதுதான். மெத்தில் ஆரஞ்சைச் சேர்த்தால் இரண்டாவது புரோட்டான் பாதி கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளாகும். எந்தத் துளியில் நிறுத்துவது என்றே தெரியாது. ரெக்கார்டில் நிறங்காட்டி என்ற இடத்தில் எழுதும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுவே.

இனி பெர்மாங்கனேட். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7. அமிலக் கரைசலில் அது ஐந்து எலக்ட்ரான்களை ஏற்று +2 நிலைக்கு இறங்குகிறது. ஆக்ஸாலிக் அமிலத்தில் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண் +3. கார்பன் டை ஆக்சைடில் +4. மூலக்கூறுக்கு இரண்டு கார்பன்கள் இருப்பதால் ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைத் தருகிறது. ஐந்தாக வாங்குபவனும் இரண்டாகக் கொடுப்பவனும் கணக்கை நேர்செய்ய வேண்டுமானால் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும். கைமாறும் எலக்ட்ரான்கள் பத்து. சமன்பாட்டில் நாம் மனப்பாடம் செய்யும் 2, 5 என்ற எண்கள் இங்கிருந்து வந்தவை. குடுவையில் உள்ள அதே 1 மில்லிமோல் ஆக்ஸாலிக் அமிலம் 2 மில்லிமோல் எலக்ட்ரான்களைத் தரும்; அவற்றை ஏற்க 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் போதும். 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்பது 0.02 மோலார் ஆகையால் அந்த 0.4 மில்லிமோல் சரியாக 20 மி.லி.யில் இருக்கிறது.

அப்படியானால் கந்தக அமிலம் எதற்கு? பெர்மாங்கனேட் அயனியில் மாங்கனீசைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. மாங்கனீசு +2 நிலைக்கு இறங்கும்போது அந்த ஆக்சிஜன்களுக்கு ஒரு போக்கிடம் வேண்டும். அவை ஒவ்வொன்றும் இரண்டு புரோட்டான்களைப் பெற்று நீராகின்றன. ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு எட்டுப் புரோட்டான்கள் செலவாகின்றன. எலக்ட்ரான் மட்டுமே கைமாறுவதாக நாம் சொல்லிக்கொள்ளும் இந்த வினைக்குள்ளும் புரோட்டான்கள் பெருமளவில் தேவைப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். இரண்டு பெர்மாங்கனேட்டுக்குப் பதினாறு புரோட்டான்கள் வேண்டும். வினைபடும் ஐந்து ஆக்ஸாலிக் அமில மூலக்கூறுகளே பத்துப் புரோட்டான்களைத் தந்துவிடுகின்றன. மீதி ஆறுக்குத்தான் சமன்பாட்டில் மூன்று கந்தக அமிலம் இடம்பெறுகிறது. ஏற்கெனவே அமிலமாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி: அது அமிலமாகவும் இந்த வினையில் தன் பங்கைச் செலுத்துகிறது, ஆனால் அந்தப் பங்கு போதவில்லை.

ஆறுக்கு ஆறு என்று அளந்து சேர்த்தாலும் போதாது. வினை முடிவை நெருங்க நெருங்கக் குடுவையில் புரோட்டான் வற்றிவிடக் கூடாது. கடைசித் துளி விழும்போதும் அது தாராளமாக இருக்க வேண்டும். இதனால்தான் ஒரு சோதனைக்குழாய் அளவு நீர்த்த கந்தக அமிலத்தை, அளவுபார்க்காமலேயே சேர்க்கச் சொல்கிறார்கள். 2 நார்மல் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்தால் 40 மில்லிமோல் புரோட்டான் வந்துவிடும். நமக்குக் குறைவதோ 1.2 மில்லிமோல்தான். பிப்பெட்டால் எடுக்கும் கரைசலில் ஒரு துளி தவறினால் விடை பிழையாகும். கந்தக அமிலத்தில் இரண்டு மி.லி. கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. எதைத் துல்லியமாக அளக்க வேண்டும், எதைத் தாராளமாக ஊற்றலாம் என்ற இந்த வேறுபாடு விளங்காமல் செய்முறை செய்பவர்கள் தேவையற்ற இடத்தில் பதறுகிறார்கள், தேவையான இடத்தில் கவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

அமிலம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதைக் குடுவையிலேயே பார்க்கலாம். கரைசல் நிறமற்றுத் தெளிவதற்குப் பதிலாகக் கலங்கிப் பழுப்பாகும். அது மாங்கனீசு டை ஆக்சைடு. பெர்மாங்கனேட் +2 வரை இறங்க முடியாமல் +4-இலேயே நின்றுவிட்டதன் அடையாளம். அங்கே அது மூன்று எலக்ட்ரான்களை மட்டுமே ஏற்றிருக்கிறது. ஆகவே பெர்மாங்கனேட்டின் சமான எடையும் இடத்துக்கு இடம் மாறும்: அமிலக் கரைசலில் 158-ஐ ஐந்தால் வகுத்து 31.6, நடுநிலைக் கரைசலில் மூன்றால் வகுத்து 52.7; வலிமை மிக்க காரக் கரைசலில் ஒரே ஒரு எலக்ட்ரானை ஏற்றுப் பச்சை நிற மாங்கனேட்டாக நிற்கும்போது 158. ஒரே குடுவையில் ஒரு பகுதி +2-க்கும் ஒரு பகுதி +4-க்கும் போனால் எந்த எண்ணைக் கொண்டு கணக்கிடுவது? பழுப்பு நிறம் தோன்றிய குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வது இதனால்தான்.

கந்தக அமிலமாகவே இருக்க வேண்டியதற்குக் காரணம், அது புரோட்டானைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரான் கணக்கில் தலையிடாமல் ஒதுங்கி நிற்கிறது என்பதே. சல்பேட்டில் கந்தகம் ஏற்கெனவே தன் உச்ச நிலையான +6-இல் இருப்பதால் பெர்மாங்கனேட்டுக்குக் கொடுக்க அதனிடம் எலக்ட்ரான் இல்லை. நீர்த்த நிலையில் அது ஆக்ஸாலிக் அமிலத்திடமிருந்தோ இரும்பிடமிருந்தோ எலக்ட்ரானைப் பறிப்பதும் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடு எலக்ட்ரானைக் கொடுக்கக் கூடியது. எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைக் காட்டும் திட்ட மின்முனை மின்னழுத்தம் பெர்மாங்கனேட்டுக்கு 1.51 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட், ஆகவே பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதி குளோரைடைக் குளோரினாக மாற்றுவதில் வீணாகி, பியூரெட் அளவீடு உண்மையைவிடக் கூடிவிடும். குடுவையில் பெரஸ் இரும்பு, அதாவது +2 நிலையிலுள்ள இரும்பு, இருந்தால் இந்தப் பக்கவினை இன்னும் தூண்டப்படுகிறது. இரும்புத் தாதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தே தீர வேண்டிய ஆய்வகங்களில், மாங்கனீசு சல்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சிம்மர்மன்–ரெய்ன்ஹார்ட் கரைசலைச் சேர்த்து அதை அடக்குகிறார்கள். நைட்ரிக் அமிலத்தின் குறை இதற்கு நேர் எதிரானது. அதுவே ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட் வாங்க வேண்டிய எலக்ட்ரான்களில் சிலவற்றை அது வாங்கிக்கொண்டால் பியூரெட் அளவீடு குறைந்துவிடும். அசெட்டிக் அமிலம் எலக்ட்ரான் விஷயத்தில் குறுக்கே வராது, ஆனால் அதன் புரோட்டான்களில் மிகச் சிலவே கட்டற்று இருக்கின்றன. பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜனேற்றத் திறன் பி.எச். ஒவ்வோர் அலகு உயரும்போதும் சுமார் 0.095 வோல்ட் இறங்குவதால் அந்த அளவு அமிலத்தன்மை போதாது. வைவாவில் இந்த நான்கு அமிலங்களையும் கேட்பார்கள். காரணம் புரிந்தவருக்கு நான்கும் ஒரே கேள்விதான்.

சூடாக்குவது பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வினை நடக்குமா என்பதையும் எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதையும் பிரித்துக் காட்டுகிறது. ஆக்ஸாலிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடாகும் இணையின் மின்னழுத்தம் ஏறத்தாழ −0.49 வோல்ட். பெர்மாங்கனேட்டோடு அதற்குள்ள இடைவெளி இரண்டு வோல்ட். பெரஸ் இரும்பின் மின்னழுத்தம் 0.77 வோல்ட்; அதன் இடைவெளி முக்கால் வோல்ட்தான். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஆக்ஸாலிக் அமிலமே முந்திக்கொண்டு வினைபட வேண்டும். நடப்பதோ தலைகீழ். இரும்பு அயனி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் போதும், எந்தப் பிணைப்பும் உடைய வேண்டியதில்லை. அறை வெப்பநிலையிலேயே துளி விழுந்தவுடன் நிறம் மறைகிறது. ஆக்ஸாலிக் அமிலத்தில் இரண்டு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்து இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் பிரிய வேண்டும். அதற்கு ஆற்றல்தடை அதிகம். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது அந்தத் தடையைக் கடக்க உதவுவதற்காகவே. கொதிக்கவிடக் கூடாது, மிகுந்த வெப்பத்தில் ஆக்ஸாலிக் அமிலமே சிதையத் தொடங்கி, தரம் பார்க்கும் முன்பே அளவு குறைந்துவிடும்.

சூடாக்கிய பிறகும் முதல் துளியைக் கவனித்துப் பாருங்கள். அது விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு பரவி, சுழற்றிய பிறகும் சில நொடிகள் அப்படியே நிற்கும். முடிவுநிலை வந்துவிட்டதோ என்று கைநடுங்க வைக்கும். பிறகு மெல்ல மறையும். இரண்டாம், மூன்றாம் துளிகள் இன்னும் சற்று விரைந்து மறையும். ஒரு மி.லி. போனபின் விழுகின்ற துளி விழும்போதே மறைந்துவிடும். செறிவு குறையக் குறைய வினைவேகம் குறைய வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே அது கூடுகிறது. காரணம், வினையில் உண்டாகும் மாங்கனீசு +2 அயனியே வினையூக்கியாகச் செயல்படுவது. அது பெர்மாங்கனேட்டோடு வினைபட்டு இடைநிலையான மாங்கனீசு +3-ஐத் தர உதவுகிறது. அந்த +3 அயனி ஆக்சலேட்டோடு அணைவாகிச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. வினையின் விளைபொருளே வினையை விரைவுபடுத்துவதைத் தன்வினையூக்கம் என்கிறோம். பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. ஆகவே முதல் மி.லி.யைப் பொறுமையாக, ஒவ்வொரு துளியும் மறைந்த பின்னரே அடுத்ததை விட்டு, கடக்க வேண்டும். அவசரப்பட்டால் பெர்மாங்கனேட் தேங்கிப் பழுப்பு நிறம் தட்டும்.

மோர் உப்பைச் சூடாக்காததற்கு, தேவையில்லை என்பது பாதிக் காரணம்தான். தீங்கு என்பது மறுபாதி. சூடான கரைசலில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பெரஸ் அயனியைப் பெரிக் அயனியாக விரைந்து மாற்றும். அப்படி மாறியது பெர்மாங்கனேட்டுக்குக் கொடுக்க எலக்ட்ரான் இல்லாதது, அளவீடு குறைந்துபோகும். சாதாரண பெரஸ் சல்பேட்டைவிட மோர் உப்பு, அதாவது பெரஸ் அம்மோனியம் சல்பேட், படிக நிலையில் காற்றை நன்கு தாங்குவதால்தான் செறிவு துல்லியமாகத் தெரிந்த திட்டக் கரைசல் தயாரிக்க அதை எடுக்கிறோம். கார்ல் பிரெட்ரிக் மோர் என்ற ஜெர்மானியரின் பெயரைத் தாங்கியது அது; இரும்பைப் பெர்மாங்கனேட்டால் அளக்கும் முறையை 1846-இலேயே பிரான்சில் மார்கெரித் கையாண்டிருந்தார்.

நிறங்காட்டி ஏன் வேண்டாம் என்பதற்கு விடை சுருக்கமானது. பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா நிறம். அது ஒடுங்கித் தரும் மாங்கனீசு +2 அயனி, இந்தச் செறிவில் நிறமற்றதாகவே தோன்றும். கொடுப்பதற்கு ஆள் இருக்கும்வரை ஒவ்வொரு துளியும் நிறமிழக்கும். ஆள் தீர்ந்த பிறகு விழும் முதல் துளி, ஏறத்தாழ 0.05 மி.லி., முழுக் குடுவையையும் வெளிர் இளஞ்சிவப்பாக்கிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடும் ஆக்ஸாலிக் அமிலமும் அவற்றின் உப்பும் எல்லாம் நிறமற்றவை என்பதால் அங்கே வெளியிலிருந்து ஒரு நிறங்காட்டியைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சோதனையிலும் முடிவுநிலை வெளிர் இளஞ்சிவப்பு. இரண்டிலும் சற்று நேரம் விட்டுவைத்தால் அந்த நிறம் மங்கும். ஆனால் மங்குவதன் காரணங்கள் வேறு. பினாப்தலீன் குடுவையில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச்.-ஐக் கீழே இறக்குகிறது. பெர்மாங்கனேட் குடுவையில், மிகுதியாக விழுந்த அந்தத் துளிப் பெர்மாங்கனேட்டும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாங்கனீசு +2 அயனியும் மெதுவாக வினைபட்டு மாங்கனீசு டை ஆக்சைடு ஆகின்றன. அரை நிமிடம் நிறம் நிலைத்து நின்றால் அதுவே முடிவுநிலை. ஐந்து நிமிடம் கழித்து நிறம் போய்விட்டதே என்று இன்னொரு துளி சேர்க்கக் கூடாது. அதேபோலப் பெர்மாங்கனேட் கரைசலின் கீழ்ப்பிறை அடர்நிறத்தில் தெரியாது என்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் படிக்கிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பைப் படித்தால் வேறுபாட்டில் பிழை வராது.

இரண்டு சோதனைக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தையே திட்டப் பொருளாக வைத்திருப்பதிலும் பொருள் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்துப் பயனில்லை. தராசில் இருக்கும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஈர்த்துக்கொள்கிறது. பெர்மாங்கனேட்டையும் நிறுத்து நம்ப முடியாது. அதில் மாங்கனீசு டை ஆக்சைடு சிறிதளவேனும் கலந்திருக்கும், கரைத்த பிறகும் நீரை மெல்ல ஆக்சிஜனேற்றித் தன் செறிவை இழந்துகொண்டிருக்கும், வெளிச்சம் பட்டால் இன்னும் விரைவாக. பழுப்புப் புட்டியில் வைப்பது அதற்காகவே. ஆக்ஸாலிக் அமிலமோ இரண்டு நீர் மூலக்கூறுகளோடு தூய படிகமாகக் கிடைக்கிறது, 1.575 கிராம் நிறுத்து 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தால் 0.1 நார்மல். நம் வயல்வரப்பில் முளைக்கும் புளியாரை இலையின் புளிப்பும் இதே அமிலத்தால்தான். அதற்காக இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது: இது நச்சு, உடலில் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது; உறிஞ்சு குமிழைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள்.

பெர்மாங்கனேட்டை நேரடியாக நம்ப முடியாததால் அதை இணைப்புக் கரைசலாக வைத்து இரண்டு முறை தரம் பார்க்கிறோம். முதல் தரம் பார்த்தலில் 20 மி.லி. 0.1 நார்மல் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு 19.6 மி.லி. பெர்மாங்கனேட் செலவானது என்று கொள்வோம். 20 × 0.1 ÷ 19.6 என்று கணக்கிட்டால் அதன் நார்மாலிட்டி 0.1020. அதே பெர்மாங்கனேட்டை, தரம் தெரியாத மோர் உப்புக் கரைசல் 20 மி.லி.க்கு எதிராகப் பயன்படுத்த 18.5 மி.லி. செலவானால், மோர் உப்பின் நார்மாலிட்டி 18.5 × 0.1020 ÷ 20, அதாவது 0.0944. ஓர் இரும்பு ஓர் எலக்ட்ரான் மட்டுமே கொடுப்பதால் மோர் உப்பின் சமான எடை அதன் முழு மூலக்கூறு எடையான 392. லிட்டருக்கு 37 கிராம், 250 மி.லி.யில் 9.25 கிராம். இன்றைய நூல்கள் நார்மாலிட்டியைத் தவிர்த்து மோலாரிட்டியையே விரும்புகின்றன. ஒரே கரைசலுக்கு வினையைப் பொறுத்து நார்மாலிட்டி மாறும் என்பது அவர்கள் சொல்லும் நியாயமான குறை. ஆயினும், கைமாறுவது எது, எத்தனை என்பதை ஒவ்வொரு முறையும் கேட்க வைக்கிறது என்பதால், கற்கும் பருவத்தில் நார்மாலிட்டி பயனுள்ளது என்றே நான் கருதுகிறேன்.

கடைசியாக, அந்த 63. ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு எடை 126. புரோட்டான் கணக்கிலும் இரண்டு, எலக்ட்ரான் கணக்கிலும் இரண்டு. எனவே இரண்டு முறையும் 63. இரண்டு இரண்டும் ஒத்துப்போனது இந்தச் சேர்மத்தின் தற்செயல்தான். பொதுவிதி எதுவும் இல்லை. ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்புகளை எடுத்தாலே இது உடைந்துவிடும். சோடியம் ஆக்சலேட்டிடம் கொடுக்கப் புரோட்டான் இல்லை, எலக்ட்ரான் இரண்டு. அதைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம் பார்க்கவே முடியாது, பெர்மாங்கனேட்டோடு சமான எடை 67. பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டிடம் புரோட்டான் ஒன்று, எலக்ட்ரான் இரண்டு. மூலக்கூறு எடை 128, அமிலமாக அதன் சமான எடை 128, ஒடுக்கியாக 64. பொட்டாசியம் டெட்ராக்சலேட்டிடம் மூன்றுக்கு நான்கு: மூலக்கூறு எடை 254-ஐ மூன்றால் வகுத்தால் 84.7, நான்கால் வகுத்தால் 63.5.

இந்த வேறுபாட்டை நம் பக்கம் திருப்பிக்கொள்ளவும் முடியும். ஒரு கரைசலில் ஆக்ஸாலிக் அமிலமும் சோடியம் ஆக்சலேட்டும் கலந்திருக்கின்றன, எது எவ்வளவு என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.லி. எடுத்துப் பினாப்தலீன் சேர்த்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம் பார்த்தால் 12 மி.லி. செலவாகிறது. இன்னொரு 20 மி.லி. எடுத்துக் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி 0.1 நார்மல் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்த்தால் 20 மி.லி. செலவாகிறது. முதல் சோதனையில் புரோட்டான் கொடுத்தது ஆக்ஸாலிக் அமிலம் மட்டுமே: 1.2 மில்லிமோல் புரோட்டான், ஆகவே 0.6 மில்லிமோல் அமிலம். இரண்டாவதில் எலக்ட்ரான் கொடுத்தவை இரண்டுமே: 2 மில்லிமோல் எலக்ட்ரான், ஆகவே மொத்தம் 1 மில்லிமோல் ஆக்சலேட். கழித்தால் சோடியம் ஆக்சலேட் 0.4 மில்லிமோல். லிட்டருக்கு என்று மாற்றினால் படிக ஆக்ஸாலிக் அமிலம் 3.78 கிராம், சோடியம் ஆக்சலேட் 2.68 கிராம்.